கராஜ் பக்கம்: ஹீற்றர் சுடேல்லை எண்டா முதல்ல கூலன்டைப் பாருங்கோ

இந்தமுறை வந்த கேள்வியளில முக்கால்வாசி ஹீற்றரைப் பற்றினதுதான். இஞ்ச கனடாவில ரெண்டு நாள் மைனஸ் 20 பக்கம் போனவுடன எல்லாற்ற காரும் ஒண்டா வருத்தத்தில விழுந்தமாதிரிக் கிடக்கு. எல்லாத்துக்கும் எழுத இடம் காணாது, அதால ஒரேமாதிரிக் கேள்வியளைச் சேர்த்து ஒண்டாக்கிப் போட்டிருக்கிறன், தங்கட கடிதம் வரேல்லை எண்டு ஒருத்தரும் கோவிக்காதேங்கோ.

கேள்வி: அண்ணை, என்ர கார் 12 வருசப் பழசு. ஓடிக்கொண்டு இருக்கேக்க ஹீற்றர் நல்லா சுடுது, சிவப்பு லைற்றில நிண்டா குளிர்காத்து வருது, திரும்ப வெளிக்கிட்டா சுடுது. ஒரு கராஜில காட்டினன். ஹூட்டைத் திறந்து பார்க்காமலே ஹீற்றர் கோர் போயிட்டுது, டாஷ்போர்ட் முழுக்கக் கழட்ட வேணும் எண்டு பெரிய காசொண்டு சொல்லிச்சினம். உண்மையா மாத்தத்தான் வேணுமோ? — ஸ்காபரோவில இருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, இன்னும் ஒரு சதமும் குடுத்திடாதேங்கோ. ஓடேக்க சூடு, நிண்டா குளிர் எண்டா முதல் சந்தேகம் கூலன்ட் குறைஞ்சிட்டுது எண்டதுதான். ஹீற்றர் கோர் பேந்து பாக்கிற விசயம்.

ஏன் எண்டு சொல்லுறன். காருக்க வாற சூட்டுக்கு எண்டு தனியா அடுப்பொண்டும் இல்லை, எஞ்சினைச் சுத்தி ஓடுற கூலன்ட் அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு ரெண்டு ஹோஸ் வழியா டாஷ்போர்டுக்குப் பின்னால இருக்கிற ஒரு குட்டி ரேடியேற்றருக்குப் போகுது, அதைத்தான் ஹீற்றர் கோர் எண்டு சொல்லுறது, அதுக்கு மேலால ஃபான் காத்தை அடிக்க அந்தக் காத்துத்தான் உங்கட கையில சுடுது. இந்தக் கோர் கனக் கார்களில உயரமான இடத்தில இருக்கு. கூலன்ட் குறைஞ்சா அங்க காத்து வந்து குந்திக்கொள்ளும். நீங்கள் காஸ் பெடலை மிதிச்சு ஓடேக்க வோட்டர் பம்ப் வேகமா சுத்தி எப்பிடியோ கூலன்டை மேல தள்ளிவிடுது, லைற்றில நிண்டு எஞ்சின் மெதுவா ஓடேக்க பம்புக்கு அந்தப் பலம் இல்லை, கோருக்க ஓட்டம் நிண்டுபோகும், காத்தும் குளிர்ந்திடும்.

காலமை, கார் இரவு முழுக்க நிண்டு எஞ்சின் நல்லாக் குளிர்ந்தாப் பிறகு ஹூட்டைத் திறவுங்கோ. கூலன்ட் நிக்கிற பிளாஸ்ரிக் போத்தில்ல ரெண்டு கோடு இருக்கும், கீழ்க் கோட்டுக்கும் மேல்க் கோட்டுக்கும் இடையில கூலன்ட் நிக்க வேணும். அதோட விட்டிடாதேங்கோ, ரேடியேற்றரில மூடி இருக்கிற கார் எண்டா அதையும் திறந்து பாருங்கோ, ஏனெண்டா போத்தில் நிறைஞ்சு கிடக்க ரேடியேற்றர் வெறுமையா இருந்த கார்களை நான் கனக்கப் பார்த்திருக்கிறன். சூடா இருக்கேக்க மட்டும் அந்த மூடியில கை வைக்கவே கூடாது. உள்ளுக்க சுமார் 15 பிஎஸ்ஐ அமுக்கத்தில 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்கிற கூலன்ட், மூடி திறந்த உடன கொதிச்சு முகத்துக்குத்தான் சீறும். என்னோட வேலை செய்த ஒரு பெடியன் கையில அந்தத் தழும்போட இண்டைக்கும் இருக்கிறான்.

குறைஞ்சிருந்தா உங்கட காருக்கு உரிய கூலன்டை விடுங்கோ. விட்டாப் பிறகு உள்ளுக்க நிக்கிற காத்தை எடுக்க வேணும், அதைச் செய்யாமத்தான் கனபேர் "விட்டும் சுடேல்லை" எண்டு வருவினம். காரை முன்பக்கம் கொஞ்சம் ஏத்தமா நிப்பாட்டி, எஞ்சின் குளிரா இருக்கேக்கயே மூடியைக் கழட்டி அதில ஒரு புனலை இறுக்கி வச்சு, ஹீற்றரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, எஞ்சினை ஓடவிடுங்கோ. குமிழ் குமிழா வரும், மட்டம் இறங்கும், இறங்க இறங்க விடுங்கோ. ரேடியேற்றர் ஃபான் ரெண்டுதரம் ஓடி நிக்குமட்டும் பொறுமையா நில்லுங்கோ. சில கார்களில காத்தெடுக்கிறதுக்கு எண்டே சின்ன ஸ்குரூ இருக்கு, புத்தகத்தில போட்டிருக்கும்.

அடுத்த கேள்வி, குறைஞ்ச கூலன்ட் எங்க போனது? கூலன்ட் சும்மா குறையிற சாமான் இல்லை. ஹோஸ் கிளாம்புகள், வோட்டர் பம்புக்குக் கீழ இருக்கிற சின்ன ஓட்டை, ரேடியேற்றரின்ர பிளாஸ்ரிக் ஓரம், இதுகளில வெள்ளையாவோ பச்சையாவோ ரோஸாவோ காஞ்ச பொருக்கு இருக்கோ எண்டு ரோச் லைற் அடிச்சுப் பாருங்கோ. குளிருக்கு றப்பர் சுருங்குறதால விடிய மட்டும் ஒழுகி, சூடானவுடன தானா அடைபடுற ஒழுக்கும் இருக்கு, அதை மத்தியானம் கராஜுக்குக் கொண்டுபோனாப் பிடிக்கேலாது, இரவு அங்க விட்டிட்டுக் காலமை பார்க்கச் சொல்லுங்கோ. பிரஷர் ரெஸ்ற் எண்டு கைப்பம்பால அடிச்சுப் பார்க்கிற ஒரு முறை இருக்கு, ஒரு கராஜ் அதைச் செய்யாம உங்களுக்கு கோர் மாத்தச் சொன்னா அங்க நிண்டு கதைக்கிறதில பிரியோசனம் இல்லை.

கோர் உண்மையா அடைபட்டிருக்கோ எண்டு பார்க்க ஒரு சின்ன வழி. எஞ்சின் சூடானாப் பிறகு நிப்பாட்டிப்போட்டு, டாஷ்போர்ட் பக்கம் உள்ளுக்குப் போற ரெண்டு ஹீற்றர் ஹோஸையும் கவனமாத் தொட்டுப் பாருங்கோ. ரெண்டும் நல்லா சுட்டா கோரில பிழை இல்லை, காத்தைச் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் திருப்புற கதவில பிழை. ஒண்டு சுட்டு மற்றது குளிரா இருந்தா கோருக்க ஓட்டம் இல்லை, ஒண்டில் அடைப்பு, ஒண்டில் காத்து. ரெண்டும் வெதுவெதுப்பு எண்டா, எஞ்சின் சூடாகுமட்டும் கூலன்டை ரேடியேற்றருக்கு விடாம மூடி நிக்கிற குட்டிக் கதவான தேர்மோஸ்ராற்றைப் பாருங்கோ. அடைப்பு எண்டாலும் உடன மாத்தத் தேவையில்லை, ரெண்டு ஹோஸையும் கழட்டி, வழமையா ஓடுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தால மெதுவாத் தண்ணி அடிச்சுக் கழுவ, ஊத்தை மண்ணிறமா வெளிய வந்து திரும்பச் சுடுற கோர் எத்தினையோ.

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தில இருந்து படிக்க வந்து ஒரு வருசம். பழைய கார் ஒண்டு வாங்கி டெலிவரி ஓடுறன். வெய்யில் காலத்தில கூலன்ட் குறையக் குறைய பைப்பில தண்ணி பிடிச்சு விட்டனான், மொத்தமா மூண்டு லீற்றர் வரும். நாளைக்கு இரவு மைனஸ் 18, காத்தோட சேர்த்து மைனஸ் 30 எண்டு சொல்லுறாங்கள். கார் வெளியிலதான் நிக்கும். ஏதும் நடக்குமோ? — பிரம்ப்டன்

பதில்: தம்பி, உமக்கு அண்டைக்கே பதில் அனுப்பிட்டன், நீரும் கார் தப்பிட்டுது எண்டு எழுதினது பெரிய நிம்மதி. மற்றவைக்கும் உதவும் எண்டு இஞ்ச விரிவா எழுதுறன்.

ஊரில எங்கட அப்பா வச்சிருந்தது ஒரு ஏ 40 கார். கிணத்துத் தண்ணியை வாளியால அள்ளி விடுறதுதான் அதுக்குக் கூலன்ட், பின் சீற்றுக்குக் கீழ எப்பவும் ஒரு கலன் தண்ணி கிடக்கும். அங்க அது சரி. அந்தப் பழக்கத்தோட இஞ்ச வாற பிள்ளையளிட்ட ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லுறதில்லை, அதான் எனக்குக் கவலை.

தண்ணி உறையேக்க சுமார் 9 சதவீதம் பெருக்கும். மூடின இரும்புக்குள்ள அது பெருத்தா இரும்புதான் வெடிக்க வேணும், ரேடியேற்றர் போகும், பம்ப் போகும், எஞ்சின் புளொக்கே வெடிச்சா அதோட காரே முடிஞ்சுது. கூலன்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி இருந்தா சுமார் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். உம்மட காரில ஆறு லீற்றர் பிடிக்கும் எண்டு வச்சுக்கொள்ளும், அதில பாதி ஒழுகிப் போய் நீர் மூண்டு லீற்றர் பச்சைத்தண்ணி விட்டா உள்ளுக்க இப்ப கால்வாசிதான் கூலன்ட். அது சுமார் மைனஸ் 12லயே உறையத் தொடங்கும். மைனஸ் 18க்கு அது காணவே காணாது.

அப்ப தண்ணியே விடாம முழுக்கக் கூலன்ட் விட்டா இன்னும் நல்லம்தானே எண்டு கேட்பியள். இல்லை. கூலன்டில இருக்கிற முக்கிய சாமான் கிளைக்கோல், அது தனிய நிண்டா சுமார் மைனஸ் 13லயே உறைஞ்சிடும், தண்ணியோட சேர்ந்தாத்தான் அதுக்கு அந்தப் பலம். கூலன்ட் 60, தண்ணி 40 எண்டு கலந்தா மைனஸ் 50க்குக் கிட்டப் போகும், கூலன்ட் 70க்கு மேல போனா திரும்பப் பலம் குறையும், சூட்டைக் காவுற சக்தியும் குறையும். ரொறன்ரோப் பக்கத்துக்குப் பாதிக்குப் பாதி தாராளம்.

கடையில ரெண்டு விதமா விக்கிறாங்கள், தண்ணி கலக்க வேண்டியது ஒண்டு, ஏற்கனவே பாதிக்குப் பாதி கலந்தது மற்றது. கலந்ததை வாங்கிவந்து அதுக்கும் பாதித் தண்ணி விட்டா உம்மட கதையேதான் திரும்ப வரும். போத்தில்ல எழுதி இருக்கிறதை வாசியும். கலக்கிறது எண்டாலும் வடிகட்டின தண்ணி, அதாவது டிஸ்ரில்ட் வோட்டர்தான், பைப் தண்ணியில இருக்கிற உப்பு உள்ளுக்கப் படியும். பிறகு நிறம். பச்சை, செம்மஞ்சள், ரோஸ், நீலம் எண்டு எத்தினையோ நிறம் இருக்கு, ஆனா நிறத்துக்கு ஒரு பொதுச் சட்டமும் இல்லை, ஒவ்வொரு கொம்பனியும் தன்ர எண்ணத்துக்குச் சாயம் போடுது. ரொயோட்டாவுக்கு ரோஸ், ஹொண்டாவுக்கு நீலம் எண்டு வாறது அவையின்ர சொந்தக் கலவை. காரோட வந்த புத்தகத்தில என்ன வகை எண்டு போட்டிருக்கோ அதை வாங்கும், வேறவேற வகையைக் கலந்தா துருப்பிடிக்காமக் காக்கிற மருந்துகள் ஒண்டையொண்டு கெடுக்கும்.

எவ்வளவுக்குத் தாங்கும் எண்டு அளக்க சின்ன ரெஸ்ரர் ஒண்டு இருக்கு, உறிஞ்சி எடுத்தா உள்ளுக்க முள்ளோ குண்டுகளோ எழும்பிக் காட்டும், கொஞ்சக் காசுதான், ஒவ்வொரு வருசமும் ஒக்ரோபரில ஒருக்கா அளந்தா இந்தப் பயமே வராது.

அந்த மைனஸ் 30 கதை. காத்துக்குளிர் எங்கட தோலுக்குத்தான். காத்து எவ்வளவு அடிச்சாலும் இரும்பு வெளியில இருக்கிற மைனஸ் 18க்குக் கீழ போகாது, ஆனா அந்த மைனஸ் 18க்குக் கெதியாப் போயிடும்.

ஆரின்ரயாவது கார் உறைஞ்சே போயிட்டுது எண்டா ஸ்ராட் பண்ணாதேங்கோ. பம்ப் ஐசுக்க இறுகி நிக்கேக்க எஞ்சின் சுத்தினா பெல்ற் பிய்யும், இல்லாட்டி பம்ப் உடையும். தள்ளியோ ரோ ட்ரக்கால இழுத்தோ சூடான நிலக்கீழ்ப் பார்க்கிங் ஒண்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் விட்டு, முழுக்க உருகினாப் பிறகு எங்கயாவது ஒழுகுதோ எண்டு பார்த்து, பழசை முழுக்க இறக்கிப்போட்டுப் புதுசு விடுங்கோ.

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில இருந்து வினிபெக்குக்கு மாறி வந்திருக்கிறம். இஞ்ச எல்லாற்ற காரிலயும் முன்னுக்கு ஒரு பிளக் தொங்குது. எங்கட காருக்கும் போட வேணுமோ, இரவு முழுக்கக் குத்திவிட்டாக் கரண்ட் பில் ஏறாதோ? பக்கத்து வீட்டு ஐயா ரேடியேற்றருக்கு முன்னால காட்போர்ட் மட்டை வைக்கச் சொல்லுறார், வைக்கலாமோ? — வினிபெக் குடும்பம்

பதில்: கட்டாயம் போடுங்கோ. அந்தப் பிளக்கின்ர மற்ற நுனியில இருக்கிறது புளொக் ஹீற்றர், எஞ்சினுக்க இருக்கிற கூலன்டை அது மெல்லச் சூடாக்கி வச்சிருக்கும். வடக்கு டக்கோட்டாவில கிராண்ட் ஃபோர்க்ஸ் எண்ட ஊரில ஆண்ட்ரூ ஃப்ரீமன் எண்டவர் எஞ்சினின்ர போல்ட்டுக்க வைக்கிற ஹீற்றர் ஒண்டு செய்து 1949ல அதுக்குக் காப்புரிமை எடுத்தவர். வினிபெக்கில இருந்து தெற்க நேர ஓடினா அந்த ஊர், உங்களைப்போலக் குளிரில நிண்டு பார்த்த ஆள்தான்.

இரவு முழுக்கத் தேவையில்லை. மூண்டு மணித்தியாலம், கூடிப்போனா நாலு, அதுக்கு மேல எஞ்சின் பெரிசாச் சூடாகாது, உள்ள சூட்டை வெளிக்காத்துக்குக் குடுக்கிறதுதான் நடக்கும். 500 வோட் ஹீற்றர் எண்டு வச்சா 12 மணித்தியாலத்துக்கு 6 யூனிற், 3 மணித்தியாலத்துக்கு ஒண்டரை யூனிற். வெளியில பாவிக்கிற ரைமர் ஒண்டை வாங்கி, ஏழுக்கு வெளிக்கிடுறது எண்டா நாலுக்குப் போடுற மாதிரி வையுங்கோ. மைனஸ் 15க்குக் கீழ போற இரவுகளுக்குப் போட்டாக் காணும். வயர் மட்டும் வெளிப்பாவனைக்கான மூண்டு கால் பிளக் உள்ள தடிச்ச வயரா இருக்கட்டும், வீட்டுக்க பாவிக்கிற மெல்லிசு வயர் சுட்டு உருகினதை நானே கழட்டி எறிஞ்சிருக்கிறன். காலமை பிளக்கை இழுத்துப்போட்டு வெளிக்கிடுறதையும் மறக்காதேங்கோ.

மட்டை விசயத்தில ஐயா சொல்லுறது அவற்ற காலத்துக்குச் சரி. இப்பத்தக் காருக்கு வேண்டாம். எஞ்சின் சூடாகுமட்டும் ரேடியேற்றர் பக்கம் கூலன்டை விடாமத் தடுக்கிற வேலையைத் தேர்மோஸ்ராற் செய்யுது, கனக்கப் புதுக் கார்களில கிறில்லுக்குப் பின்னால தானா மூடித் திறக்கிற தட்டும் இருக்கு. மட்டையை வச்சு மறந்துபோய், ஒருநாள் குளிர் விட்டு மைனஸ் 2க்கு வர, நெடுஞ்சாலையில ஏத்தம் ஏற, எஞ்சினும் கொதிக்கும், கியர் எண்ணையும் கொதிக்கும். மட்டை வைக்காட்டி எஞ்சின் சூட்டைக் காட்டுற முள் ஏறாது எண்டா தேர்மோஸ்ராற்றை மாத்துங்கோ.

இன்னொண்டு, ஸ்ராட் பண்ணின உடன ஹீற்றர் ஃபானை முழு வேகத்தில போடாதேங்கோ, எஞ்சினிட்ட இன்னும் சூடே இல்லை, இருக்கிறதையும் நீங்கள் பறிக்கிறியள். கண்ணாடி துப்பரவா இருந்தா ஒரு நிமிசம் விட்டிட்டு மெதுவா ஓடத் தொடங்குங்கோ, நிண்டு உறுமுறதை விட ஓடினாத்தான் எஞ்சின் கெதியாச் சூடாகும். ரொறன்ரோவில எண்டா ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நிமிசத்துக்கு மேல சும்மா நிண்டு ஓடவிடக்கூடாது எண்டு நகரசபைச் சட்டமே இருக்கு.

கேள்வி: டிஃப்ரொஸ்ற் போட்டா முன் கண்ணாடி தெளியிறதுக்குப் பதிலா இன்னும் புகையிருட்டாகுது. துடைச்சா எண்ணை மாதிரி ஒட்டுது. காருக்க ஒரு இனிப்பு மணம், மனுசி இருக்கிற பக்கத்துக் காப்பெற்றும் ஈரம். ஸ்னோ சப்பாத்தில வந்த ஈரம் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். — லாவல்

பதில்: ஐயா, ஸ்னோ இனிக்காது. உங்கட ஹீற்றர் கோர் ஒழுகுது. முதல் பதிலில கோர் மாத்த அவசரப்படாதேங்கோ எண்டு எழுதின நானே உங்களுக்கு மாத்துங்கோ எண்டு சொல்லுறன், ஏனெண்டா இனிப்பு மணம், எண்ணைப் படலம், ஈரக் காப்பெற் மூண்டும் சேர்ந்து வந்தா வேற சந்தேகம் இல்லை. கூலன்ட் ஆவியாகித்தான் கண்ணாடியில ஒட்டுது, இரவில எதிர்க்கார் லைற் அடிச்சா உங்களுக்கு றோட்டே தெரியாது.

இதைத் தள்ளிப்போடாதேங்கோ எண்டு கெஞ்சிக் கேக்கிறதுக்குக் காரணம் வேற. அந்த எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், அதே நேரம் அது நஞ்சு. நாய், பூனை நக்கினா சாகும், கைக்குழந்தை காப்பெற்றைத் தொட்டுக் கையை வாயில வச்சாலும் ஆபத்து, சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். ஆராவது குடிச்சதாச் சந்தேகம் எண்டா வருத்தம் தெரியுமட்டும் பார்க்காம உடன ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ, நேரத்துக்குப் போனா அந்த நஞ்சை முறிக்கிற மருந்து இருக்கு. காப்பெற்றை எடுத்து வடிவாக் கழுவுங்கோ. காருக்குக் கீழ ஒழுகிறதையும் கழுவி விடாம ஒத்தி எடுங்கோ, பழைய கூலன்டைக் கானுக்க ஊத்தாதேங்கோ, ஆபத்தான கழிவு எடுக்கிற நிலையத்தில குடுங்கோ.

ஒழுக்கை அடைக்கிற மருந்து விக்கிறாங்கள்தான். ஒழுக்கை அடைக்கிற சாமான் கோரின்ர மெல்லிசுக் குழாயையும் அடைக்கும் எண்டதை நினைச்சுக்கொள்ளுங்கோ, வீடு போய்ச் சேர வேற வழியே இல்லாத இடத்தில மட்டும் பாவிக்கலாம். ரெண்டு ஹோஸையும் நேரடியா இணைச்சு கோரைத் தவிர்க்கிற வேலையும் இருக்கு, எஞ்சினுக்கு அது கேடில்லை, ஆனா ஹீற்றரும் டிஃப்ரொஸ்ற்றும் இருக்காது, கியூபெக் ஜனவரியில அப்பிடி ஓட ஒருத்தருக்கும் நான் சொல்ல மாட்டன்.

மணமும் இல்லை, எண்ணையும் இல்லை, வெறும் புகையிருட்டு எண்டா அது வேற விசயம். உள்காத்தைச் சுத்தவிடுற பொத்தானை நிப்பாட்டி வெளிக்காத்தை எடுங்கோ, ஏசியையும் போடுங்கோ, அது ஈரத்தை எடுக்கும்.

கேள்வி: தம்பி, எனக்கு 71 வயசு. போன கிழமை 401 நெடுஞ்சாலையில போய்க்கொண்டு இருக்கேக்க ஹீற்றர் திடீரெண்டு குளிர்ந்துது, பார்த்தா முள் சிவப்பில நிக்குது. வெளியில மைனஸ் 15. இந்தக் குளிருக்க கார் எப்பிடி ஐயா கொதிக்கும்? — மார்க்கம்

பதில்: ஐயா, நல்ல கேள்வி, கனபேர் நம்பவே மாட்டினம். குளிர்காலத்தில கொதிக்கிறதுக்கு மூண்டு காரணம் சொல்லலாம். கூலன்ட் நல்லாக் குறைஞ்சிட்டுது, அல்லது தேர்மோஸ்ராற் மூடினபடி இறுகிட்டுது, அல்லது கூலன்டில தண்ணி கூடி ரேடியேற்றர் உறையுது. மூண்டாவதுதான் விசித்திரம். எஞ்சின் சூடாகுமட்டும் தேர்மோஸ்ராற் மூடி இருக்கும், அந்த நேரம் ரேடியேற்றருக்க நிக்கிற கூலன்ட் ஓடாது, நீங்களோ 100ல போறியள், காத்து அடிக்குது, ரேடியேற்றரின்ர கீழ்ப்பக்கம் ஐஸ்பழக் கூழ் மாதிரி ஆகிடும். பிறகு தேர்மோஸ்ராற் திறந்தும் போக வழி இல்லை. எஞ்சின் ஒருபக்கம் கொதிக்க ரேடியேற்றர் ஒருபக்கம் உறைஞ்சு நிக்கும்.

ஹீற்றர் குளிர்ந்து முள் ஏறினது ரெண்டும் ஒண்டா நடந்ததால உங்களுக்குக் கூலன்ட் எஞ்சினைச் சுத்தேல்லை எண்டது நிச்சயம். திரும்ப இப்பிடி நடந்தா, முள் ஏறத் தொடங்கின உடன ஹீற்றரை முழுச் சூடு, முழு ஃபானில போடுங்கோ, குட்டி ரேடியேற்றர் ஒண்டு கூட வேலை செய்யும், அதால கொஞ்சம் இறங்கலாம். இறங்காட்டி அடுத்த எக்ஸிற் வரைக்கும் இழுக்கப் பார்க்காதேங்கோ, ஓரம்கட்டி அபாய லைற்றைப் போட்டு எஞ்சினை நிப்பாட்டுங்கோ. மூடியைத் திறக்காதேங்கோ, குளிர்தண்ணி ஊத்தாதேங்கோ, கொதிச்ச உலோகத்தில குளிர்தண்ணி பட்டா வெடிக்கும். முள் திடீரெண்டு கீழ விழுந்தாலும் சந்தோசப்படாதேங்கோ, கூலன்ட் முழுக்கப் போய் சென்சர் வெறுங்காத்தில நிண்டாலும் முள் விழும். ரோ ட்ரக்கைக் கூப்பிடுங்கோ, ரோ காசு எஞ்சின் காசில ஒரு துண்டு.

ஒருக்காக் கொதிச்ச எஞ்சினில, எஞ்சினின்ர மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையில அடைச்சு நிக்கிற ஹெட் காஸ்கெற் தப்பினதோ எண்டு பார்க்க வேணும். போத்தில்ல ஓயாமக் குமிழ் வாறது, ஒழுக்கே இல்லாமக் கூலன்ட் குறையிறது, எஞ்சின் நல்லாச் சூடானாப் பிறகும் பின்னால இனிப்பு மணத்தோட வெள்ளைப் புகை, இதுகள் கெட்ட அறிகுறி. ஆனா குளிர் நாளில ஸ்ராட் பண்ணின உடன வாற வெள்ளைப் புகை வெறும் நீராவி. எண்ணை மூடிக்குக் கீழ மயோனைஸ் மாதிரி வெள்ளையா ஒட்டினதைக் காட்டி ஹெட் காஸ்கெற் போயிட்டுது எண்டு பயப்படுத்தினாலும் உடன நம்பாதேங்கோ, கடைக்கும் கோயிலுக்கும் எண்டு அஞ்சு நிமிசம் ஓடி நிப்பாட்டுற காரில எஞ்சின் முழுசாச் சூடாகாம உள்ளுக்க வேர்த்து அப்பிடி ஒட்டும். எண்ணை அளக்கிற கம்பியில சுத்தமான எண்ணை எண்டா, ஒருநாள் நீட்டா ஒரு மணித்தியாலம் ஓடிப்போட்டுப் பாருங்கோ. சந்தேகம் தீர புளொக் ரெஸ்ற் கேளுங்கோ, கூலன்டுக்கு மேல நிக்கிற காத்தை ஒரு நீல மருந்துக்குள்ளால இழுத்துப் பார்ப்பினம், அது மஞ்சளா மாறினா எஞ்சின் புகை கூலன்டுக்க போகுது எண்டு அர்த்தம்.

கேள்வி: முள் நடுவுக்கு ஏறுறதே இல்லை, நெடுஞ்சாலையில இன்னும் இறங்குது. ஹீற்றர் வெதுவெதுப்பு. பெற்றோலும் கூடக் குடிக்குது. செக் எஞ்சின் லைற் எரிஞ்சு பி0128 எண்டு காட்டுது. — ஏஜக்ஸ்

பதில்: தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகிட்டுது. அதுக்குள்ள ஒரு மெழுகு, சுமார் 82 முதல் 92 டிகிரிக்குள்ள உருகிப் பெருத்துக் கதவைத் திறக்கும், குளிர வில் தள்ளி மூடும். உங்கடது மூடேல்லை, அதால எந்த நேரமும் ரேடியேற்றருக்கு ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கு. எஞ்சினும் இன்னும் குளிர் எண்டு நினைச்சுப் பெற்றோலைக் கூட விடும். கூலன்ட் மட்டத்தை ஒருக்காப் பார்த்துப்போட்டு மாத்துங்கோ, சின்னச் சாமான், புது காஸ்கெற்றோட போடுங்கோ.

கேள்வி: டிரைவர் பக்கம் சுடுது, மற்றப் பக்கம் குளிருது, டாஷ்போர்டுக்குப் பின்னால டிக் டிக் எண்டு சத்தம். — மிசிசாகா

பதில்: காத்தைச் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் திருப்புற கதவை ஆட்டுற குட்டி மோட்டரின்ர பல்லு உடைஞ்சிட்டுது. கூலன்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சில கார்களில கையுறைப் பெட்டியைக் கழட்டினாக் கைக்கு எட்டும். இதோட சேர்த்து இன்னொருத்தர் கேட்டதுக்கும் சொல்லிடுறன், ஃபான் நாலாம் நம்பரில மட்டும் ஓடி மற்றதில ஓடேல்லை எண்டா ஃபான் வேகத்தைக் குறைச்சுக் குடுக்கிற ரெசிஸ்ரர் போயிட்டுது. எல்லா நம்பரிலயும் காத்துக் குறைவு எண்டா காருக்க வாற காத்தை வடிகட்டுற கபின் ஃபில்ரரை இழுத்துப் பாருங்கோ, மேப்பிள் இலை கிடக்கும். விண்ட்ஷீல்டுக்குக் கீழ குவிஞ்ச ஸ்னோவையும் தட்டி விடுங்கோ, காத்து அதுக்குள்ளாலதான் வருது.

கேள்வி: ஹைபிரிட் காரில டக்ஸி ஓடுறன். குளிர்காலத்தில பயணிக்காகக் காத்து நிக்கேக்கயும் எஞ்சின் அடிக்கடி ஓடுது. பழுதோ? — ஸ்காபரோ

பதில்: பழுதில்லை. ஹீற்றருக்குச் சூடு வேணும் எண்டா கூலன்டைச் சூடா வச்சிருக்க எஞ்சின் ஓடத்தான் வேணும். சூட்டை ரெண்டு டிகிரி குறைச்சு, சீற் ஹீற்றர் இருந்தா அதைப் போடுங்கோ, எஞ்சின் ஓடுறது குறையும். கவனிக்க வேண்டியது, கன ஹைபிரிட்டில ரெண்டு கூலன்ட் போத்தில் இருக்கும், ஒண்டு எஞ்சினுக்கு, மற்றது பற்றறிக் கரண்டை மோட்டருக்கு ஏத்தமாதிரி மாத்திக் குடுக்கிற இன்வேட்டருக்கு. ஒண்டைப் பார்த்துப்போட்டு எல்லாம் சரி எண்டு மூடிடாதேங்கோ. முழு எலக்ரிக் காருக்கு எஞ்சின் சூடே இல்லை, ஹீற்றர் பற்றறியில இருந்துதான் எடுக்கும், அதால சார்ஜரில குத்தி இருக்கேக்கயே காரைச் சூடாக்கிப்போட்டு வெளிக்கிட்டா தூரம் மிஞ்சும்.

கேள்வி: வீட்டோட ஒட்டின கராஜுக்குள்ள நிக்கிற காரை ரிமோட்டால ஸ்ராட் பண்ணி, கதவைப் பாதி திறந்து விட்டு அஞ்சு நிமிசம் சூடாக்கிறம். பிள்ளையளுக்குக் குளிராம இருக்கட்டும் எண்டுதான். பரவாயில்லையோ? — விற்பி

பதில்: அக்கா, இண்டையோட நிப்பாட்டுங்கோ. கதவு பாதி திறந்தாலும் முழுக்கத் திறந்தாலும் எஞ்சின் புகையில இருக்கிற கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு வீட்டுக்குள்ள வரும், அதுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தலையிடி, சத்தி எண்டு தொடங்கி நித்திரை மாதிரி ஆளைக் கொண்டுபோயிடும். எஞ்சின் குளிரா இருக்கேக்கதான் அது கூடவும் வரும். ஒன்ராறியோவில 2014ல இருந்து கராஜ் ஒட்டின வீடுகளில படுக்கிற அறையளுக்குக் கிட்ட கார்பன் மொனொக்சைட் அலாம் கட்டாயம், உங்கடதை இண்டைக்கே பொத்தானை அமத்திச் சோதிச்சுப் பாருங்கோ. காரை முழுக்க வெளிய எடுத்து, கராஜ் கதவை மூடி, புகை வாற பின் குழாயை ஸ்னோ மூடி இருக்கோ எண்டு சுத்திப் பார்த்து, அதுக்குப் பிறகு சூடாக்குங்கோ. பிள்ளையள் அது மட்டும் வீட்டுக்க நிக்கட்டும்.